எலிக்குள் யார் யார்?

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் முதலில் தெரிந்தது என்னுடைய இமைமயிர்தான். "ஒட்டி வைக்காதீங்க, கொஞ்சம் பின்னாடி வாங்க" என்றார் டாக்டர். பின்னால் வந்தேன். மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் மயிர்த் துணுக்குகளும் இன்னதென்று தெரியாத குப்பையும் கலந்து கிடந்தன. நடுவே நீளவாக்கில் ஒரு முட்டை. ஒரு பக்கம் வளைந்தும் மறுபக்கம் யாரோ கட்டைவிரலால் அமுக்கிவிட்டதுபோலத் தட்டையாகவும் இருந்தது. அவர் கண்ணாடித் தகட்டை லேசாக நகர்த்த, இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னொன்று.

என் செம்பியின் எச்சம் அது. செம்பி ஒரு கார்ன் ஸ்நேக், சோளப்பாம்பு. நன்றாக இரை எடுக்கிறாள், நேரத்துக்குச் சட்டை உரிக்கிறாள், எடையும் குறையவில்லை. வருடத்துக்கொரு முறை பார்த்துவிடலாமே என்றுதான் கொண்டுபோயிருந்தேன்.

"புழு இருக்கா டாக்டர்?"

"இருக்கு. ஆனா உங்க பாம்புக்கு இல்ல."

நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது எலியோட ஊசிப்புழு முட்டை. எலி செரிச்சிடுச்சு. முட்டை ஓடு கெட்டி, அதனால செரிக்காம அப்படியே பின்பக்கமா வந்திடுச்சு. பாம்புக்குள்ள இது பொரிச்சு வளராது. இங்க பாருங்க, இதுவும் எலியோடதுதான்." தகட்டின் மூலையில் ஒரு நுண்ணிய உண்ணி, செத்த பிறகும் எலி மயிரை முன்னங்காலால் கட்டிப்பிடித்தபடி கிடந்தது.

அன்று அவர் எந்த மருந்தும் தரவில்லை. "நல்லா இருக்கா, போங்க" என்று அனுப்பிவிட்டார். பாம்பின் எச்சத்தைப் பார்த்துப் பழக்கமில்லாத ஒருவரிடம் போயிருந்தால், எலியின் நோய்க்குப் பாம்புக்கு மருந்து கொடுத்திருப்போம்.

அதற்குப் பிறகு எலியைப் பார்க்கிற என் பார்வை மாறிவிட்டது. இப்போது எனக்கு அது ஆள் ஏற்றிய வண்டி மாதிரி தெரிகிறது. குடலில் சிலர், மயிரில் சிலர், ஈரலில் சிலர், தசைக்குள் சிலர். பாம்பு அந்த வண்டியை விழுங்கும்போது எல்லோரும் சேர்ந்துதான் உள்ளே போகிறார்கள். பெரும்பாலானவர்கள் அங்கேயே செரித்துப் போகிறார்கள். சிலர் ஊசிப்புழு முட்டைபோல வேடிக்கை பார்த்துக்கொண்டே போய் மறுமுனையில் இறங்கிவிடுகிறார்கள். நான் எழுத வந்தது மூன்றாவது ரகத்தைப் பற்றி. அவர்கள் அந்தப் பாம்பு எப்போது வரும் என்று வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தவர்கள்.

ஆஸ்திரேலியாவின் கார்ப்பெட் மலைப்பாம்புகளில் ஓஃபிடாஸ்காரிஸ் ராபர்ட்ஸி என்றொரு உருண்டைப்புழு உண்டு. வளர்ந்த புழு பாம்பின் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் குடியிருக்கும். அதன் முட்டைகள் பாம்பின் எச்சத்தோடு வெளியே வந்து புல்லிலும் செடியிலும் ஒட்டும். புல்லோடு சேர்த்து அதைச் சிறு விலங்குகள் தின்னும். முட்டையிலிருந்து வரும் இளம்புழு அந்த விலங்கின் உறுப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே அது முழுதாக வளர்வதில்லை, வருடக்கணக்கில்கூடக் காத்திருக்கும். அந்த விலங்கை ஒரு மலைப்பாம்பு விழுங்கிய பிறகுதான் அதற்கு வயது வரும். 2022 ஜூனில் கான்பெராவில் 64 வயதுப் பெண் ஒருவருக்கு மூளையில் அறுவை செய்தபோது, இந்தப் புழு ஒன்று 8 சென்டிமீட்டர் நீளத்தில் உயிரோடு நெளிந்தபடி வெளியே வந்தது. மனிதரில் இது கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. அவர் பாம்பு வளர்த்தவர் இல்லை. மலைப்பாம்புகள் திரியும் ஏரிக்கரையில் காட்டுக்கீரை பறித்துச் சமைத்தவர். கீரையிலோ கையிலோ முட்டை ஒட்டியிருக்க வேண்டும். புழுவுக்கு எலிக்கும் மனிதருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தப்பான வண்டியில் ஏறிவிட்டது.

இதையெல்லாம் நான் இவ்வளவு விலாவாரியாகத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் ஒரு கிங் ஸ்நேக் குட்டி (ராஜநாகம் இல்லை, விஷமில்லாத வேறு பாம்பு).

பென்சில் தடிமன்கூட இருக்காது. கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக அவ்வளவு அழகு. ஆனால் எலிக்குட்டியைத் தொடவே மாட்டேன் என்றது. கண் திறக்காத, மயிர் முளைக்காத பிறந்த குட்டியைத்தான் கொடுத்தேன். பாம்பு வளர்ப்பவர்கள் பிங்கி என்பார்கள். மூக்கு முன்னால் ஆட்டினால் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். ஐந்து வாரம் இப்படியே போனது. புதிதாகப் பொரித்த குட்டிகள் பல, எலியை இரை என்றே அடையாளம் காணாது. காட்டில் அவற்றின் முதல் இரை பெரும்பாலும் பல்லியும் ஓணானும்தான். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை. சுவரில் விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருந்த பல்லி ஒன்றைப் பிடித்துப் போட்டேன்.

மூன்றே நொடி. கவ்வி, சுற்றி, நெரித்து, தலையிலிருந்து விழுங்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்தடுத்த வாரங்களில் ஆறேழு பல்லிகள் போயிருக்கும். பிறகு பிங்கியின் மேல் பல்லி வாசனையைத் தடவிக் கொடுக்க, எலியும் பழகிவிட்டது. பல்லி விஷயத்தை நானும் மறந்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் குட்டி கழுத்தைத் தூக்கி வாயை லேசாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கொட்டாவி என்று நினைத்தேன். இரை எடுத்த பிறகு தாடையைச் சரிசெய்ய அவை அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அன்று இரை எடுத்த நாள் இல்லை. இரண்டு நாள் கழித்து வாயோரத்தில் எச்சில் குமிழி. தொட்டியில் ஈரம் அதிகமாகிவிட்டது போல என்று விரிப்பை மாற்றினேன், சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன். இப்படி நானே வைத்தியம் பார்த்ததில் மூன்று வாரம் வீணாகப் போனது. டாக்டரிடம் கொண்டுபோனபோது முதுகெலும்பு விரலில் தட்டியது.

தொண்டையிலிருந்து எடுத்த சளியில் முட்டைகள் இருந்தன. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. முட்டைக்குள் குட்டையான கால்களும் அவற்றின் நுனியில் கொக்கிகளுமாக ஓர் உருவம் சுருண்டிருந்தது. "நாக்குப்புழு" என்றார். நாலாம் நாள் குட்டி செத்துப்போனது. அறுத்துப் பார்த்ததில் நுரையீரலுக்குள் வெள்ளையாக, ஸ்பிரிங் துண்டுபோல மடிப்பு மடிப்பாக மூன்று புழுக்கள். நுரையீரலே ஒரு நூல்கயிறு அகலம்தான். அதில் மூன்று.

நாக்குப்புழு என்று பெயரிருந்தாலும் அது புழு இனமே இல்லை. நண்டு, இறால் குடும்பத்தின் தூரத்துச் சொந்தம். கடலை விட்டு நுரையீரலுக்குக் குடிமாறிய உறவுக்காரர். பாம்பின் நுரையீரலில் இரத்தம் குடித்து வாழும். முட்டைகள் சளியோடு வாய்க்கு ஏறி, விழுங்கப்பட்டு, எச்சத்தோடு வெளியேறும். சில இனங்களில் அந்த எச்சத்தைக் கரப்பான் போன்ற பூச்சிகள் தின்கின்றன. பூச்சியைப் பல்லியோ தவளையோ தின்கிறது. பல்லியைப் பாம்பு. நான் பல்லியைப் பார்த்தேன். பல்லி பிடித்த கரப்பானைப் பார்க்கவில்லை. கரப்பான் எதைத் தின்றது என்று யோசிக்கவே இல்லை.

பல்லியிலிருந்துதான் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அது வீட்டுக்குள்ளேயே பொரித்த குட்டி, மற்றபடி பண்ணை எலியைத் தவிர வேறெதையும் தின்றதில்லை. கணக்குப் போட்டால் விடை ஒன்றுதான் வருகிறது.

ஃப்ளோரிடாவில் இதே கதை காட்டளவுக்கு நடந்துகொண்டிருக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டு, தப்பியும் விடப்பட்டும் அங்கே பெருகிய பர்மிய மலைப்பாம்புகளோடு ஆசியாவின் ரெய்லியெடியெல்லா ஓரியென்டாலிஸ் என்ற நாக்குப்புழுவும் போய்ச் சேர்ந்தது. இன்று அது அந்த மண்ணின் பாம்புகளைப் பிடித்திருக்கிறது. மலைப்பாம்பு கால் வைக்காத இடங்களுக்குக்கூடப் பூச்சி, தவளை, பல்லி என்று கைமாறிப் போய்விட்டது. அந்த மண்ணின் பாம்புகளுக்கு அதைத் தாங்கும் பழக்கம் இல்லை. சின்னஞ்சிறு பிக்மி விரியன்கள் அதனால் செத்துக் கிடந்திருக்கின்றன. இதற்கு நம்பிச் சொல்லும்படியான மருந்தும் இல்லை. மருந்தால் புழு செத்தாலும், செத்த புழு நுரையீரலுக்குள்ளேயே கிடந்து அழுகும் ஆபத்து இருக்கிறது. பெரிய பாம்பாக இருந்தால் உள்நோக்கிக் குழாய் விட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். பென்சில் தடிமன் குட்டிக்கு அதற்கும் வழியில்லை.

பிடிவாதக் குட்டிகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பிங்கியை வெந்நீரில் கழுவி அதன் வாசனையைக் குறைத்துக் கொடுப்பது. சின்ன இருட்டு டப்பாவில் குட்டியையும் பிங்கியையும் ஒரு ராத்திரி விட்டுவிடுவது. கேட்கவே ஒருமாதிரி இருக்கும், ஆனால் செத்த பிங்கியின் மண்டையை ஊசியால் லேசாகக் கீறிக் கொடுத்தால் பல குட்டிகள் எடுத்துவிடும். பல்லி வாசனைதான் வேண்டுமென்றால், ஒரு மாதம் உறையவைத்த பல்லியைத் தேய்த்துவிட்டு பல்லியைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும், விழுங்கக் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் நான் பிற்பாடு கற்றுக்கொண்டேன்.

பண்ணையில் இதற்கென்றே வளர்க்கும் எலி ஏன் பத்திரம் என்ற கேள்விக்கும் இந்தச் சங்கிலியில்தான் பதில் இருக்கிறது. பாம்பின் எச்சம் எலிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வட்டம் முழுமையாகும். பாம்பையே பார்க்காத, தோட்டத்து மண்ணை மோந்துகூடப் பார்க்காத எலிக்கு அந்த முட்டை எங்கிருந்து வரும்? செம்பியின் எலியைப்போல அதற்கு ஊசிப்புழு இருக்கலாம், மயிரில் உண்ணி இருக்கலாம். ஆனால் பாம்புக்காகக் காத்திருப்பவர்கள் இருக்க வாய்ப்பு குறைவு. வீட்டுப் பரணிலும் வயலிலும் பிடித்த எலிக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. அதோடு அந்த எலி நேற்று என்ன விஷம் தின்றது என்பதும் நமக்குத் தெரியாது. இரத்தம் உறையவிடாமல் செய்கிற எலிமருந்துகள் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் நடமாடும். அந்தச் சில நாளில்தான் அது சுலபமாகப் பிடிபடும்.

எலியை வீட்டிலேயே வளர்த்துவிட்டால் என்ன என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. நாலு மாதம் வளர்த்தேன். நாற்றத்தைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். பாம்புத் தொட்டியைச் சுத்தம் செய்த அதே கரண்டியால் ஒருநாள் எலிப்பெட்டியின் மரத்தூளை அள்ளிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. பண்ணையில் அறுந்துபோன சங்கிலியை நான் என் அறையில் ஒரு கரண்டியை வைத்துக் கோத்துக்கொண்டிருக்கிறேன். சார்கோசிஸ்டிஸ் என்ற நுண்ணுயிரி இந்த ஏற்பாட்டுக்காகவே பிறந்தது மாதிரி: எலியின் தசையில் முடிச்சுகளாக இருக்கும், பாம்பின் குடலில் பெருகும், எச்சம் வழியாக மறுபடி எலிக்கு. வீட்டில் எலி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். தனி அறை, தனிக் கருவிகள், முதலில் எலி வேலை, கடைசியில் பாம்பு வேலை என்ற ஒழுங்கு அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை.

அடுத்து ஃப்ரீசர். "உறையவச்சா எல்லாம் செத்துடும்" என்று பலர் நம்புகிறார்கள். பாதி சரி. மீனைப் பச்சையாகச் சாப்பிடுவதற்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள். அது மீன்புழுவுக்காகப் போட்ட கணக்கு, எலிக்காக இல்லை. ஆனால் எவ்வளவு குளிர், எவ்வளவு நாள் என்று ஒரு நிதானம் கிடைக்கிறது. வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 பக்கம் இருக்கும். அடிக்கடி திறந்து மூடினால் அதுவும் இருக்காது. கொழுத்த எலிகளை ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்தால் நடுவில் இருப்பது உறையவே ரொம்ப நேரமாகும். அதனால் தட்டையாகப் பரப்பி, பொட்டலத்தின் மேல் தேதி எழுதி, ஒரு மாதம் கழித்துத்தான் எடுக்கிறேன். தசைக்குள்ளும் உறுப்புக்குள்ளும் இருக்கும் இளம்புழுக்கள் பெரும்பாலும் இதில் செத்துவிடும். உண்ணியும் பேனும் செத்துவிடும். தடித்த ஓடுள்ள சில உருண்டைப்புழு முட்டைகள் தாங்கும். பாக்டீரியா சாவதில்லை, தூங்குகிறது. எலிமருந்துக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே வயல் எலியை ஃப்ரீசரில் வைத்தாலும் அது வயல் எலிதான்.

மீன் தின்னும் பாம்புகளை வளர்ப்பவர்களுக்கு இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. கார்ட்டர் பாம்புகளுக்குத் தங்கமீன் போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மீனில் உள்ள தயமினேஸ் என்ற நொதி உடம்பிலிருக்கும் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். பாம்பு தலையை மேலே முறுக்கிக்கொண்டு தடுமாற ஆரம்பிக்கும். உறையவைப்பதால் இந்த நொதி அழியாது. 80 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் வைத்தால்தான் அழியும். பார்ப்பவர்கள் நரம்பு நோயென்றோ புழுவென்றோ தேடிக்கொண்டிருப்பார்கள். காரணம் சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கும்.

உறைந்த எலியைக் குளிர் விட வைப்பதற்கு எனக்கொரு முறை பழகிவிட்டது. முந்தின நாள் இரவு ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியின் அடித்தட்டில். (இதற்கென்று பழைய சின்னக் குளிர்பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டில் சமாதானம் நிலவ அதுதான் காரணம்.) மறுநாள் மாலை, பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி இறுக முடிந்து, கை பொறுக்கும் சூட்டு நீரில் முக்கி வைப்பேன். பதினைந்து நிமிடம் கழித்து வயிற்றை இரண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பார்க்க வேண்டும். மேலே மெத்தென்று இருந்து, உள்ளே கூழாங்கல் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் அது இன்னும் பனிக்கட்டி. அப்படியே கொடுத்தால் பாம்பின் வயிற்றுக்குள் ஐஸ் வைத்தது போலத்தான். கடைசியாக ஒரு நிமிடம் கொஞ்சம் கூடுதல் சூட்டு நீர், தலைப்பக்கம் 38 டிகிரி வாக்கில் வரும்வரை. பைதான்கள் (மலைப்பாம்புகள்) உதட்டுக் குழிகளால் சூட்டைப் பார்த்தே இரையை அறிகின்றன, ஆறிப்போன எலி அவற்றுக்கு ஒரு பொருள் மட்டுமே. மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். ஒரு நண்பர் வைத்தார். வெடித்தது. அதற்கு மேல் அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்கவும் கூடாது. தூங்கிக்கொண்டிருந்த பாக்டீரியா எழுந்து பெருகியிருக்கும்.

உயிருள்ள எலியைப் போடுவதைப் பற்றி நிறையச் சண்டை நடக்கிறது. எனக்கு அதில் பெரிய குழப்பம் இல்லை. பசியில்லாத பாம்போடு எலியை ராத்திரி முழுக்க விட்டால், விடிந்ததும் காயம் பாம்பின் முதுகில் இருக்கும். எலி பயந்தால் கடிக்கும், பசித்தால் கொறிக்கும். முதுகுத்தண்டு தெரியுமளவுக்குக் கொறிபட்ட பைதான் ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புழுக் கணக்கிலும் உயிருள்ள எலிதான் மோசம், அதில் குளிர் எதையும் கொல்லவில்லை. எலி உண்ணிகள் உயிரோடு வந்து நம்மையும் கடிக்கும். ஆனால் பாம்பின் செதிலிடுக்கில் கறுப்புப் புள்ளியாக ஊரும் பாம்பு உண்ணிக்கு எலியைக் குறை சொல்லாதீர்கள். அது வேறொரு பாம்பிடமிருந்து, பெட்டியிலோ மரக்கட்டையிலோ ஒட்டிக்கொண்டு வருவது.

புழுவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். பாம்பு இரையைக் கக்கினால் முதல் சந்தேகம் புழுவின் மேல் போகக் கூடாது, தெர்மாமீட்டரின் மேல் போக வேண்டும். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. உருண்டை என்றொரு பால் பைதான் என்னிடம் இருக்கிறது (குடிக்கிற பால் இல்லை, பந்து, பயந்தால் உருண்டு பந்தாகிவிடுவான்). அவன் தொட்டியின் சூடான மூலை 31, 32 டிகிரி இருக்க வேண்டும். ஒருமுறை சூட்டுத் தகடு பழுதாகி இரண்டு நாள் கவனிக்காமல் விட்டேன். மூன்றாம் நாள் பாதி கரைந்த எலியைக் கக்கிவைத்தான். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வயிற்றில் செரிப்பதைவிட வேகமாக அழுகினால், பாம்புக்கு அதை வெளியே தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. அளவு மீறிய இரை, இரை எடுத்த இரண்டு நாளுக்குள் கையில் எடுத்து விளையாடியது, இவையும் அடிக்கடி நடக்கும் காரணங்கள். எலியின் பருமன் பாம்பின் உடம்பில் தடித்த இடத்தின் அளவோ, கொஞ்சம் கூடவோ இருந்தால் போதும். கக்கிய பிறகு பத்து, பதினாலு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு பாதியளவு இரையில் ஆரம்பிக்க வேண்டும். பாவமே என்று மறுநாளே கொடுத்துக் கொன்றவர்கள் உண்டு.

சூடும் அளவும் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கக்கி, உடம்பின் நடுவே கட்டிபோல வீங்கினால் அது பயப்பட வேண்டிய விஷயம். கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்ற நுண்ணுயிரி இரைப்பைச் சுவரையே தடிக்க வைத்துவிடும். குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இங்கேயும் எலி ஒரு குழப்பம் செய்யும்: எலிக்கென்று தனிக் கிரிப்டோ வகைகள் இருக்கின்றன. அவை பாம்பின் எச்சத்தில் சும்மா கடந்துவந்து நுண்ணோக்கியில் அச்சு அசல் அதேபோலத் தெரியும். எந்த வகை என்று மரபணுச் சோதனை செய்து பார்க்காமல் ஒரு பாம்பைக் கருணைக்கொலை செய்வது அநியாயம். உண்மையான பாம்புக் கிரிப்டோ பெரும்பாலும் வேறு பாம்பின் எச்சத்திலிருந்து, நம் கையும் கருவியும் வழியாகவே பரவுகிறது. வீட்டு பிளீச்சிங் திரவம் அதை ஒன்றும் செய்யாது. அம்மோனியாவும் நீராவியும்தான் கேட்கும். பிளீச்சையும் அம்மோனியாவையும் கலந்துவிடாதீர்கள், வரும் புகை பாம்புக்கு முன்னால் உங்களைத்தான் பிடிக்கும். புதுப் பாம்பை மூன்று மாதம் தனி அறையில் வைத்து, அதன் வேலையைக் கடைசியில் பார்க்கச் சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

நம் பங்குக்கு வரும் ஆபத்தில் புழுவைவிட சால்மொனெல்லா என்ற பாக்டீரியாதான் பெரிது. 2010இல் அமெரிக்காவில் பாம்புத் தீனிக்கென்று விற்ற உறைந்த எலிகளால் சால்மொனெல்லா பரவியது கண்டுபிடிக்கப்பட்டு, எலிகளைத் திரும்பப் பெற்றார்கள். 2014இல் மறுபடி பரவியது. நோய்ப்பட்டவர்களில் குழந்தைகள் நிறைய. எலி பார்க்கச் சுத்தமாக இருக்கும், பொட்டலம் பளபளப்பாக இருக்கும், பாம்பும் நன்றாகவே இருக்கும். அதனால் எலி இளகும் பாத்திரம் சமையலறைக்குள் வராது, அந்தத் தண்ணீர் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டப்படாது, இடுக்கியும் தனி. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் இரை கொடுக்கும் நாளில் குழந்தை அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் எலியைத் தொடவே வேண்டாம். எல்சிஎம் என்று எலிகளில் ஒரு வைரஸ் இருக்கிறது, சிசுவைப் பாதிக்கும்.

மருந்து விஷயம் ஒன்று பாக்கி. புழு இருக்கோ இல்லையோ ஆறு மாதத்துக்கொரு முறை மருந்து ஊற்றிவிடும் பழக்கம் பாம்பு வளர்ப்பவர்களிடம் இருக்கிறது. நானும் ஊற்றியிருக்கிறேன், நாய்க்கு வாங்கியதைக் கண்ணளவாகக் குறைத்து. இன்று நினைத்தால் உதறுகிறது. ஃபென்பென்டசோல் என்ற புழுமருந்து அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். அது நாடாப்புழுவுக்குச் சரியாகக் கேட்காது, அதற்கு ப்ராசிக்வான்டெல். ஐவர்மெக்டினைப் பக்கத்துத் தொட்டி ஆமைக்கும் சேர்த்துக் கொடுத்தால் ஆமை செத்துவிடும். எந்தப் புழு என்று தெரியாமல் எந்த மருந்து என்று எப்படி முடிவு செய்வது?

தெரிந்துகொள்ள வேண்டியதை எச்சமே சொல்லிவிடும். புதிதாகப் போட்டதாக இருக்க வேண்டும், காய்ந்தது உதவாது. அன்றே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. ஒரு தடவை ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. புழுக்கள் தினமும் முட்டை போடுவதில்லை, அதனால் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை பார்ப்பது நல்லது. கடைசியாக என்ன இரை கொடுத்தீர்கள், எப்போது, எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். டாக்டருக்கு அந்தச் சீட்டுதான் பாதி நுண்ணோக்கி. கிங் ஸ்நேக் குட்டியைக் கொண்டுபோன அன்று, "பல்லி ஏதும் குடுத்தீங்களா?" என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

நேற்று இரண்டு எலிகளை எடுத்து வைத்தேன். செம்பி வழக்கம்போல இடுக்கியோடு சேர்த்து இழுத்தாள். உருண்டை எலியைப் பார்த்தான், நாக்கை இரண்டு தரம் நீட்டினான், தலையைச் சுருளுக்குள் வைத்துக்கொண்டான். இதோடு ஆறாவது வாரம். எடை குறையவில்லை, பால் பைதான்கள் மாதக்கணக்கில் இப்படி இருக்கும். அவன் வேண்டாமென்ற எலி காகிதத்தில் சுற்றிக் குப்பைக்குப் போனது. செம்பியின் தொட்டியில் இன்று காலை போன வாரத்து எலியின் மிச்சம் கிடந்தது, ஒரே மயிர். சின்ன டப்பாவில் எடுத்து, தேதி எழுதி, சீட்டு வைத்துக் கட்டியிருக்கிறேன். நாளைக்குப் பதினொரு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.